ஆறு நாள், ஓர் ஆறு: ரிஷிகேஷ் போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: மதுரையிலிருந்து அக்கா, தங்கை இருவரும் அறுபத்திரண்டு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரிஷிகேஷ் போகிறார்கள். கையில் ஆறு நாள். யோகா முறையாகத் தொடங்க வேண்டும், ரப்பர் படகில் ஆற்றோட்டத்தோடு இறங்கி வரும் ராஃப்டிங் போக வேண்டும். ஆனால் இருவருக்கும் நீச்சல் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கங்கையில் முழுக்குப் போடாமல் திரும்பமாட்டார். எப்போது போவது, எங்கே தங்குவது, எதைச் செய்வது, எதை விடுவது?

பன்னிரண்டு வருடமாக ஆண்டுக்கு ஒரு தடவையாவது அந்த ஊரில் பத்துப் பதினைந்து நாள் இருந்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். எதை விடுவது என்பதிலிருந்தே தொடங்கலாம். அந்த ஆறு நாளுக்குள் ஹரித்வார், முசூரி, டேராடூன் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். மே மாதச் சனிக்கிழமை, டெல்லியிலிருந்து வந்த கார்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். கங்கையை அன்று கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். ரிஷிகேஷில் யோகாவையும் சரி, ஆற்றையும் சரி, அவசரமாகச் செய்ய முடியாது. ஒரே கரையில் ஒரே அறை எடுத்து, முதல் மூன்று காலையை யோகாவுக்குக் கொடுத்துவிட்டு, ஆற்றில் இறங்குவதை நான்காம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். ஏன் இந்த வரிசை என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் மாதம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, அல்லது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், பார்க்க அதைவிட அழகான காலம் இல்லை. ஆனால் காலையில் மூடுபனி, இரவில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போகும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகாது. மே, ஜூனில் வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைவில்லை, அதோடு பத்ரிநாத், கேதார்நாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்குப் போகும் சார்தாம் யாத்திரைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங்கே கிடையாது. மழைக்காலத்தில் அரசே நிறுத்திவிடும். அந்தச் சமயம் கங்கை சேற்று நிறத்தில் கரை புரண்டு ஓடும். கன்வர் யாத்திரையும் அப்போதுதான், காவித்துணி கட்டிய லட்சக்கணக்கானவர்கள் தோளில் காவடி போலக் கங்கை நீரைச் சுமந்து நடப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் யோகா கற்கப் போகும் பயணத்தில் அல்ல. மார்ச்சில் போனால் ஹோலி நாளை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்த்து, அன்று அறையிலேயே இருப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதத்தில் உலக யோகா விழாவும் வரும். அந்த வாரம் ராம் ஜூலா என்ற தொங்குபாலத்தின் பக்கம் அறை கிடைப்பது சிரமம்.

மாதத்தைவிட முக்கியம் கிழமை. ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ச் சேருங்கள். வார இறுதிக்கு வந்த கூட்டம் அப்போதுதான் எதிர்த்திசையில் வெளியேறிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு அல்லது சனி விடியலில் கிளம்பிவிடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை இருக்கும் ரிஷிகேஷ் வேறு ஊர்.

போகும் வழி: மதுரையிலிருந்து டெல்லிக்கு ரயிலோ விமானமோ, அங்கிருந்து ஹரித்வாருக்கு சதாப்தி, ஜன சதாப்தி, வந்தே பாரத் எதுவானாலும் சரி. ஹரித்வாரிலிருந்து ரிஷிகேஷ் 25 கிலோமீட்டர்தான். டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையம் அதைவிடப் பக்கம், சுமார் 20 கிலோமீட்டர். அம்மா கூட வருவதால் டெல்லி வழியாக விமானம் மாறி ஜாலி கிராண்டில் இறங்குவதைத்தான் நான் சொல்வேன். செலவு கூடும், ஆனால் டெல்லியிலிருந்து ரயிலும் காருமாக ஆறு மணி நேரம் உட்கார வேண்டாம்.

எங்கே தங்குவது என்பதற்கு ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் ரிஷிகேஷ் என்று ஒரே பேரில் சொல்வது மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் இடம். ரயில் நிலையம், சந்தை, திரிவேணி படித்துறை இருக்கும் பழைய ஊர் டேராடூன் மாவட்டம். மேலே போனால் முனி கி ரேத்தி, தபோவன் இரண்டும் டெஹ்ரி கட்வால். ஆற்றைக் கடந்தால் ஸ்வர்காஷ்ரம், அது பௌரி கட்வால். தபோவனில்தான் விடுதிகள், காபிக் கடைகள், யோகா பள்ளிகள் எல்லாம் நெருக்கி அடித்து நிற்கின்றன. இளவட்டங்களுக்கு வசதி, ஆனால் தெருக்கள் செங்குத்தாக ஏறி இறங்கும். அம்மாவின் முழங்காலை நினைத்தால் ஸ்வர்காஷ்ரம் பக்கம்தான். பரமார்த்த நிகேதன், கீதா பவன் போன்ற ஆசிரமங்கள் அங்கே ஆற்றங்கரையிலேயே வரிசையாக இருக்கின்றன. கரையோரப் பாதை சமதளம். இருபது அடி நடந்தால் படித்துறை, மாலை ஆரத்திக்கு வண்டி பிடிக்க வேண்டாம்.

ஒரு சிரமம் மட்டும் உண்டு. ஸ்டேஷனிலிருந்து வரும் ஆட்டோவும், விக்ரம் என்று அங்கே சொல்லும் ஷேர் ஆட்டோவும் மேற்குக் கரையோடு நின்றுவிடும். 1986-ல் கட்டிய ராம் ஜூலா அல்லது 2020 நவம்பரில் திறந்த ஜானகி சேது, இரண்டில் ஒன்றில் நடந்துதான் அக்கரை போக வேண்டும். காரிலேயே போக வேண்டுமென்றால் அணைக்கட்டைச் சுற்றிக்கொண்டு காட்டு வழியாக வர வேண்டியிருக்கும். அதனால் சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம், முதுகில் மாட்டும் பை போதும். பாலத்தில் கையில் பழமோ பிஸ்கட் பாக்கெட்டோ வெளியே தெரியக் கூடாது. குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை. பழைய லக்ஷ்மண் ஜூலாவைத் தேடிப் போய் ஏமாறாதீர்கள். 1930 வாக்கில் திறந்த அந்தப் பாலம் வலுவிழந்ததால் 2019 ஜூலையில் மூட உத்தரவிட்டார்கள். அதற்கு மாற்றாகத்தான் பக்கத்தில் பஜ்ரங் சேது.

ஆசிரமத்தில் தங்குவதானால் அது லாட்ஜ் இல்லை என்பது நினைவிருக்கட்டும். இரவு குறிப்பிட்ட நேரத்தில் கதவு மூடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ரிஷிகேஷ் நகராட்சி எல்லைக்குள் இறைச்சி, மீன், முட்டை விற்கத் தடை இருக்கிறது, 2004-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்று சொன்னது. ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி அனுமதி வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இனி யோகா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிஷிகேஷ் இன்று யோகாவின் ஊராக அறியப்படுவதில் நம் பக்கத்துக் காரணம் ஒன்று இருக்கிறது. நான் சேரன்மாதேவிக்காரன். எங்களுக்குப் பக்கத்து ஊர் பத்தமடை. பத்தமடை என்றால் பாய்தான் எல்லோருக்கும் தெரியும், கோரையைப் பட்டு மாதிரி இழைத்து நெய்வார்கள். அந்தப் பத்தமடையில் 1887-ல் பிறந்த குப்புசாமி என்ற பையன் மருத்துவம் படித்து, மலாயா போய் ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பத்து வருடம் வேலை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1924-ல் ரிஷிகேஷ் வந்து துறவு வாங்கினார். அவர்தான் சுவாமி சிவானந்தர். வந்தவர் குகையில் கண்மூடி உட்கார்ந்துவிடவில்லை. லக்ஷ்மண் ஜூலா வழியாகப் பத்ரிநாத்துக்கு நடந்துபோகும் சாதுக்களுக்கும் யாத்ரீகர்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார், 1948-ல் யோக வேதாந்தக் கல்லூரி தொடங்கினார். அவரிடம் பயின்ற விஷ்ணுதேவானந்தர், சத்தியானந்தர், கோயம்புத்தூர்ப் பக்கத்து சச்சிதானந்தர் போன்றவர்கள்தான் யோகாவை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1968-ல் வந்ததால் ரிஷிகேஷ் பேர் பெற்றது என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் வருவதற்கு நாற்பது வருடம் முன்பே ஒரு திருநெல்வேலி டாக்டர் அங்கே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். ராம் ஜூலா மேற்குக் கரையில் படியேறினால் சிவானந்தாசிரமம். அவருடைய சமாதி மண்டபத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நான் ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து பத்தமடைப் பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போவேன். காலையில் அறைத் தரையில் விரித்து அதன்மேல்தான் ஆசனம் செய்வேன். கொஞ்சம் வழுக்கும், ஓரத்தைச் சுவரோடு அண்டக் கொடுக்க வேண்டும். ஆனால் முகத்தைத் தரையருகே கொண்டுபோகும்போது வரும் கோரை வாசம், ரப்பர் விரிப்பில் கிடைக்காது.

அந்த ஆசிரமத்தில் இந்திய ஆண்களுக்கு மட்டும் இரண்டு மாத இலவசப் பயிற்சி உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது. தபோவனில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கும் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியும் இப்போது வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 மணி நேரத்தை 25 நாளில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு எட்டு மணி நேரம். தொடங்குகிறவர் உடம்பு அதைத் தாங்காது. உங்களுக்குத் தேவை அன்றாடம் வந்து போகலாம் என்கிற வகுப்பு. ஸ்வர்காஷ்ரமம், தபோவன் இரண்டிலும் ஏராளம் உண்டு, அன்றன்றைக்குக் காசு கொடுத்தால் போதும். பலகையில் ஹட யோகா என்று போட்டிருப்பதை எடுங்கள். அஷ்டாங்க வின்யாசம் என்று எழுதியிருந்தால் அது வேகமான முறை. அதன் பிறப்பிடம் மைசூர், யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் அங்கே அரண்மனையில் கற்பித்த வழி. அது நல்ல முறைதான், ஆனால் முதல் வாரத்துக்கு உரியதல்ல.

ஆசிரியரை எப்படிக் கண்டுகொள்வது? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். வகுப்பு தொடங்கும் முன் "உங்களுக்கு எங்காவது வலி உண்டா, ரத்த அழுத்தம் உண்டா?" என்று கேட்காதவரிடம் இரண்டாம் நாள் போகமாட்டேன். பட்டுத்தான் இதைக் கற்றேன். ஒரு வகுப்பில் நான் குனிந்து கால் விரலைத் தொட முயன்றபோது ஆசிரியர் பின்னாலிருந்து முதுகின்மேல் தன் முழு எடையையும் வைத்து அழுத்தினார். தொடையின் பின்புறம் ஏதோ சுருக்கென்றது. மூன்று வாரம் உட்கார்ந்து எழும்போதெல்லாம் வலித்தது. யாராவது உங்கள்மேல் கை வைத்துத் தள்ள வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அம்மாவும் வகுப்புக்கு வரலாம், நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள். வஜ்ராசனம், பத்மாசனம் இரண்டும் அவருக்கு வேண்டாம். மூச்சுப் பயிற்சியும் சவாசனமும் போதும்.

காலை ஆறரை, ஏழு மணி வகுப்பைப் பிடியுங்கள். முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. மூன்று காலை இப்படிப் போனால் உடம்பு எவ்வளவு மாறும் என்று கேட்டால், பெரிதாக மாறாது. மூச்சு மாறும். வெளிவிடும் மூச்சை நீட்டுவது என்றால் என்ன என்பது பிடிபடும். ஆற்றை நான்காம் நாளுக்குத் தள்ளச் சொன்னதும் இதற்காகத்தான். ராஃப்டிலிருந்து தண்ணீரில் விழுந்தால் முதலில் நடப்பது, குளிரில் மூச்சு நெஞ்சில் அடைத்துக்கொள்வது. நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான். அந்த அரை நிமிடம் வாயை மூடி மெல்ல மூச்சை விடத் தெரிந்தவர் பதறமாட்டார். இதை நானே இரண்டு தடவை தண்ணீரில் கிடந்து பார்த்திருக்கிறேன்.

அந்தத் தண்ணீர் ஏன் அவ்வளவு குளிர்? மலைப்பனி உருகி வருகிற ஆறு. கங்கை என்ற பெயரே மேலே 70 கிலோமீட்டரில் தேவப்பிரயாகையில்தான் தொடங்குகிறது, பாகீரதியும் அலக்நந்தாவும் அங்கே சேர்கின்றன. பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயரத்தில் டெஹ்ரி அணை நிற்கிறது. மின்சாரத் தேவைக்குத் தக்கபடி தண்ணீரைத் திறப்பதும் குறைப்பதுமாக இருப்பார்கள். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, மழை ஒரு சொட்டு இல்லாமல், ஆறு ஏறும். ஒரு தடவை ஷிவ்புரி மணலில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் ராஃப்ட் வழிகாட்டி தண்ணீர் ஓரத்தில் ஐந்து கூழாங்கல்லை வரிசையாக வைத்துவிட்டுத் தேநீர் குடிக்க வந்தார். கோப்பை காலியாகும்போது திரும்பிப் பார்த்தோம், மூன்று கல் தண்ணீருக்குள் இருந்தது. அலை எதுவும் அடிக்கவில்லை, சத்தமும் இல்லை. "பார்த்தீர்களா, அம்மா கூப்பிடாமலே வருவாள்" என்றார். அங்கே கங்கையை எல்லோரும் அம்மா என்றுதான் சொல்கிறார்கள். "கங்கா மய்யா."

ராஃப்டிங்குக்கு நான்கு தூரங்கள் வைத்திருக்கிறார்கள். பிரம்மபுரியிலிருந்து ஏறினால் ஒன்பது பத்து கிலோமீட்டர், ஷிவ்புரியிலிருந்து 16, மரைன் டிரைவ் என்ற இடத்திலிருந்து சுமார் 25, கௌடியாலாவிலிருந்து 36. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கொதித்துக் குதிக்கும் இடத்தை ரேபிட் என்பார்கள். அவற்றைக் கடினத்துக்குத் தக்கபடி ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிப்பார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது ஷிவ்புரி. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் என்று பெயர் வைத்த மூன்றாம் தர ரேபிட்கள் அதில் வரும். நடுவே அமைதியான நீளமும் நிறைய உண்டு. கௌடியாலாவுக்குக் கீழே "தி வால்" என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து படகைக் கவிழ்க்கும். முதல் தடவை போகிறவர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நீச்சல் தெரியாதவர் போகலாமா? போகலாம். லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும், ஆனால் அது உடம்போடு ஒட்டியிருந்தால்தான். எல்லா வாரையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் இரண்டு கையும் வைத்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, மாற்றிக் கேளுங்கள். தலைக்கவசம் ஆடக் கூடாது. பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி: சுற்றுலாத் துறை உரிமம் இருக்கிறதா, கூடவே மீட்புக் கயாக் வருமா? கயாக் என்பது ஒருவர் மட்டும் உட்காரும் சின்னப் படகு. விழுந்தவரைத் தேடி முதலில் வருவது அதுதான். வராது, தேவையில்லை என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடங்கள். விலை நூறு இருநூறு கூட இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கரையில் பத்து நிமிடம் சொல்லிக்கொடுப்பார்கள். ஹிந்தியில் வேகமாகச் சொன்னால் நிறுத்தி மறுபடி கேளுங்கள். "ஃபார்வர்ட்" என்றால் எல்லோரும் ஒரே தாளத்தில் துடுப்புப் போட வேண்டும். "கெட் டவுன்" என்றால் படகுக்குள் குந்தி கயிற்றைப் பிடிக்க வேண்டும். துடுப்பின் மேல் முனையில் டி வடிவப் பிடி இருக்கும். அதிலிருந்து கையை எடுக்கவே கூடாது. விட்டால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பதம் பார்க்கும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும், கால் இரண்டும் ஆற்றோட்டத் திசையில் முன்னால், விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய. எழுந்து நிற்க மட்டும் முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் இடுப்பளவுத் தண்ணீரே ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும். அமைதியான நீளம் வந்ததும் ஆற்றில் குதித்துக் கயிற்றைப் பிடித்து மிதக்க விடுவார்கள். பயமில்லாவிட்டால் செய்யுங்கள், அந்தப் பத்து நிமிடம் ஆயுசுக்கும் நிற்கும். பாறையிலிருந்து குதிக்கச் சொன்னால் வேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் பெரிதாகக் கவலைப்படுவது ராஃப்டைப் பற்றி அல்ல, குளியலைப் பற்றி. படகில் போகிறவருக்கு ஜாக்கெட்டும் வழிகாட்டியும் உண்டு. மணல் திட்டில் செல்ஃபிக்காக முழங்கால் வரை இறங்குகிறவருக்கு எதுவும் இல்லை. வெள்ளை மணல், அமைதியான நீர், பார்த்தால் நம் வைகையில் தண்ணீர் வந்த நாள் மாதிரி இருக்கும். இரண்டு அடி தள்ளி மணல் சரிந்து ஆளுயரம் ஆகிவிடும், அடியில் இழுப்பும் இருக்கும். அங்கே உயிர் போகிறவர்களில் பலர் இப்படி இறங்கியவர்கள்தான். அம்மாவை மணலில் இறக்கவே வேண்டாம். படிக்கட்டும் சங்கிலியும் உள்ள படித்துறைக்கே கூட்டிப் போங்கள். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு. ஒரு சொம்பு கொண்டுபோங்கள். முதல் சொம்பு காலில், இரண்டாவது கையில், மூன்றாவது தலையில். பிறகு ஒருவர் அவருடைய கையைப் பிடித்தபடி, கடைசிப் படியிலேயே உட்காரவைத்து முழுக வைக்கலாம். அதுவும் கங்கா ஸ்நானம்தான்.

மற்ற சாகசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோகன்சட்டி என்ற இடத்தில் 83 மீட்டர் உயரத்திலிருந்து பஞ்ஜி குதிக்கலாம். உங்கள் எடையைப் பார்த்து அதற்கேற்ற கயிற்றைத்தான் கட்டுவார்கள், முதுகுத் தண்டிலோ இதயத்திலோ கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை, நான்கு நொடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அது நீல்கண்ட் மகாதேவர் கோயில் போகும் சாலையிலேயே இருக்கிறது. ஆலகாலம் உண்ட சிவனின் கோயில். அம்மாவை ஜீப்பில் அங்கே கூட்டிப் போகும் நாளில், ஆசையுள்ளவர் வழியில் இறங்கிக் குதித்துவிட்டு வரலாம். அதே கோயிலுக்கு ஸ்வர்காஷ்ரமத்திலிருந்து காட்டுப் பாதையும் உண்டு. ராஜாஜி புலிகள் காப்பக எல்லை அது, யானை நடமாட்டம் உள்ள வழி. இரண்டு பெண்கள் மட்டும் நடக்க நான் சொல்லமாட்டேன்.

மலையுச்சியில் இருக்கும் குஞ்சாபுரி தேவி கோயிலில் சூரிய உதயம் பார்க்க ஒரு நாள் கட்டாயம் ஒதுக்குங்கள். நாலரை மணிக்குக் காரில் கிளம்பினால் ஒரு மணி நேரம். கடைசியில் முந்நூறு படிக்கட்டு. அம்மா ஏற வேண்டாம், கார் நிற்கும் இடத்திலிருந்தே வானம் வெளுப்பது தெரியும். தெளிந்த நாளில் வடக்கே பனிமலை வரிசை முதலில் சாம்பல் நிறத்தில் தெரிந்து, பிறகு நுனியில் மட்டும் செம்பருத்திச் சிவப்பு ஏறி, அது கீழே வழிந்து இறங்கும். சால்வை இல்லாமல் போகாதீர்கள். திரும்பும்போது கிராமங்கள் வழியாக, நீர் என்றே பெயருள்ள அருவி வரை இறங்கி நடக்கலாம். நாலு மணி நேர இறக்கம், வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் இவை எதுவும் இல்லை. பத்ரிநாத் சாலையில் 25 கிலோமீட்டர் போனால் வசிஷ்ட குகை. கேரளத்திலிருந்து வந்த சுவாமி புருஷோத்தமானந்தர் முப்பது வருடத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தார். சாலையிலிருந்து படி இறங்கி உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. நிலத்தைக் கையால் தடவி உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தூரத்தில் ஒரு விளக்கு, அதன் பின்னால் லிங்கம், பிறகு பக்கத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் அசையாமல் உட்கார்ந்திருப்பது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதுவரை அவர்கள் மூச்சுக்கூட நம் காதுக்கு எட்டியிருக்காது. நண்பகலில் மூடிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். அதே சாலையில் நேரே போனால் தேவப்பிரயாகை. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான், 108 திவ்ய தேசத்தில் ஒன்று. ரகுநாதர் கோயிலுக்குப் படிகள் அதிகம். முடியாவிட்டால் எதிர்ப்பக்கச் சாலையிலிருந்தே இரண்டு ஆறும் இரண்டு நிறத்தில் வந்து கலப்பதை அம்மா பார்த்துவிடலாம்.

பீட்டில்ஸ் வந்து தங்கிய மகரிஷி மகேஷ் யோகியின் பழைய ஆசிரமத்தை, சௌராசி குட்டியா என்பார்கள், ஒரு மதியம் பார்க்கலாம். கைவிடப்பட்டுக் கிடந்ததை 2015 டிசம்பரில் வனத்துறை திறந்துவிட்டது, நுழைவுக் கட்டணம் உண்டு. கூழாங்கல் பதித்த தியானக் குடில்களுக்குள் மரம் முளைத்து நிற்கும். மதிய வெயிலில் நல்ல நிழல்.

சாப்பாட்டில் சாம்பாரைத் தேடி அலையாதீர்கள், கிடைக்கும் சாம்பார் இனிக்கும். கட்வால்காரர்கள் சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். மண்டுவா ரொட்டி என்றால் கேழ்வரகு ரொட்டி. கஹத் பருப்பு என்றால் நம் கொள்ளு. ஜங்கோரா பாயசம் என்றால் குதிரைவாலிப் பாயசம். எங்கள் ஆச்சி வைக்கும் கொள்ளு ரசத்தின் வாசத்தை இமயமலை அடிவாரத்து அடுப்பில் முகர்ந்தபோது அந்த வீட்டம்மாவிடம் என் உடைந்த ஹிந்தியில் அதைச் சொன்னேன். இன்னொரு கரண்டி ஊற்றினார். அம்மாவுக்கு இந்தச் சாப்பாடு நிச்சயம் ஒத்துக்கொள்ளும். உடம்புக்கு ஏதாவது ஆனால் எய்ம்ஸ் மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

நான்காம் நாள் நீங்கள் இருவரும் ராஃப்டில் போகும்போது அம்மாவை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஷிவ்புரியில் ஏறும் படகுகள் பெரும்பாலும் நிம் பீச்சில் கரை சேரும். எத்தனை மணிக்கு என்று வழிகாட்டி தோராயமாகச் சொல்வார், முன்பின் அரை மணி ஆகும். அம்மாவுக்கு அங்கே நிழலில் ஓர் இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைத் துணைக்கு இருக்கச் சொல்லுங்கள். படகு வளைவு திரும்பி வரும்போது எல்லோரும் ஒரே மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட்டில் இருப்பீர்கள், அவருக்கு அடையாளம் தெரியாது. துடுப்பைத் தூக்கிக் காட்டுங்கள். கரையேறும்போது பல் கிட்டிக்கும். அதனால் காய்ந்த துண்டு இரண்டும், ஒரு ஃபிளாஸ்க் இஞ்சித் தேநீரும் காலையிலேயே அம்மா கையில் கொடுத்து வையுங்கள்.